சொப்பு வீட்டியல்: எளாவூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மண்ணைச் சோறாக்கி, பூவரசு இலையில் பரிமாறி, வாயருகே கொண்டுபோய், “உப்புக் கம்மி” என்று குறை சொல்லிவிட்டுக் கீழே கொட்டும் செயலை ஆங்கிலேயர் ‘பிளேயிங் ஹவுஸ்’ என்பார்கள். முறைப்படி மணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும் பெரியவர்களைப் பார்த்து உதட்டைச் சுழித்துச் சொல்வதும் அதே தொடர்தான். நம் ஊரில் முன்னதற்குச் சொப்பு விளையாட்டு, அம்மா அப்பா விளையாட்டு என்று பெயர் இருக்கிறது. பின்னதற்குத் தெருவுக்குத் தெரு பெயர் உண்டு, அச்சில் ஏற்ற முடியாது. இவ்விரண்டும் அடிப்படையில் ஒன்றே என்பதும், அதற்கான சான்றுகள் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்து எளாவூரில்தான் செழிப்பாகக் கிடைக்கின்றன என்பதும் இவ்வாய்வின் துணிபு.

முதலில் கருதுகோளைச் சொல்லிவிடுவது ஆய்வு நெறி. வீடு என்பது சுவரும் கூரையும் அன்று, உள்ளே இருப்பவர்களின் பாசமும் அன்று. வெளியாள் ஒருவர் வாசலில் வந்து நின்று, “யாரு வூட்ல?” என்று கேட்கும்போதுதான் வீடு உண்டாகிறது. கேட்பார் இல்லாத வீடு வெறும் இடம். இதைப் பெரியவர்கள் மறந்துவிட்டார்கள், ஏழு வயதுக்காரர்கள் மறக்கவில்லை.

இனித் திணை வகுப்போம். எளாவூருக்கு ஐந்திணையில் எதைச் சொல்வது என்பது சிக்கலான வினா. கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்பங்கழி இருப்பதால் நெய்தல் என்று ஒருவர் வாதாடலாம். வயல் இருப்பதால் மருதம் என்று இன்னொருவர் சொல்லலாம். ஆனால் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளும், ஊரைத் தொட்டு ஓடும் சென்னை–கூடூர் ரயில் பாதையும், 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் தொல்காப்பியர் கணக்கில் வராதவை. எனவே இதைச் ‘சிப்காட் திணை’ எனத் தனியே கொள்க. பெரும்பொழுது முழு ஆண்டு விடுமுறை. சிறுபொழுது நண்பகலுக்குப் பிந்தையது, அதாவது இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா தூங்குவதால் பிள்ளைகளை வெளியே துரத்திவிடும் நேரம். மரம் பூவரசு. பறை லாரி ஹாரன். உரிப்பொருள் விசாரித்தலும் விசாரித்தல் நிமித்தமும்.

உரிப்பொருளைக் கூடலாகவோ ஊடலாகவோ கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் களத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். சமையலுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. மீதி நேரம் முழுவதும் யார் யாராக இருப்பது, யார் வருவது, வந்தவரிடம் என்ன சொல்லி அனுப்புவது என்பதிலேயே போகும்.

கருப்பொருளில் சமையல் சாமான்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் கடைந்து அரக்கு வண்ணம் பூசிய மரச் சொப்புகள் தெற்கே புகழ்பெற்றவை. கன்னட நாட்டுச் சென்னபட்டணமும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவும் அதே கைவேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கின்றன. எளாவூர்ப் பிள்ளைகளுக்கு இவை தேவைப்படுவதில்லை. கொட்டாங்குச்சியில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்தால் இட்லி. சோடா மூடியில் அடைத்தால் மினி இட்லி. செங்கல்லை உரசினால் மிளகாய்த்தூள், அடுப்புக்கரியை இடித்தால் மிளகுத்தூள். உப்பங்கழிப் பக்கத்திலிருந்து வரும் கிளிஞ்சல் தட்டாகும், பெரியதாக இருந்தால் கரண்டியும் ஆகும். இவை தமிழகத்தின் எந்தக் கரையோர ஊருக்கும் பொது. இத்திணைக்கே உரிய சிறப்புப் பொருள் ஒன்று உண்டு: லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடையும்போது சுருண்டு விழும் சீவல். அதுதான் நூடுல்ஸ். பளபளப்பாக, நீளமாக, நன்றாகவே இருக்கும். கையைக் கிழிக்கும் என்பதால் நிஜ அம்மாக்கள் கண்டவுடன் பிடுங்கி எறிகிறார்கள், ஆகவே நூடுல்ஸ் மட்டும் எப்போதும் திருட்டுத்தனமாகவே சமைக்கப்படுகிறது. நட்டும் வாஷரும் சில்லறைக் காசு.

பாத்திரங்களுக்கு அடுத்து மாந்தர். நூலோர் அப்பாவை முதலில் வைப்பர். இங்கே அப்பாவுக்கு வேலையே இல்லை, தூங்க வேண்டும். ஷிப்ட் நாட்டில் அப்பா என்பவர் பகலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் ஓர் உருவம், அவரைச் சுற்றி மற்றவர்கள் கிசுகிசுப்பாகப் பேச வேண்டும். சோம்பேறிப் பையன்கள் இந்த வேடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். அம்மா வேடத்துக்கு முன்பிருந்த மதிப்பு இன்று இல்லை. எல்லைக்கு அப்பால் தடா அருகே ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலைகள் வந்தபின், கம்பெனி பஸ் ஏறும் அம்மாக்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் கூடிவிட்டார்கள். ஆட்டத்திலும் அம்மாவாக இருப்பவள் கழுத்தில் ஒரு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுப் போய், தூரத்துக் கல்லில் உட்கார்ந்து, திரும்பக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. யாருக்குப் பிடிக்கும்? ஆகவே இன்று கதாநாயகி பாட்டி. வீட்டில் இருப்பதும், தின்பண்டம் வைத்திருப்பதும், வந்தவர்களுக்குப் பதில் சொல்வதும் அவளே.

ஒப்புக்குச் சப்பாணி என்ற அமைப்பை இங்கே பதிவு செய்யாவிட்டால் ஆய்வு முழுமை பெறாது. ஆட்டத்தில் உண்டு, விதிகளில் இல்லை என்று ஒரு குட்டித் தம்பியையோ தங்கையையோ சேர்த்துக்கொள்வது தமிழரின் சட்டச் சிந்தனையில் மிகப் பெரிய சாதனை. உரிமை உண்டு, கடமை இல்லை, அவுட்டும் கிடையாது. சொப்பு வீட்டில் சப்பாணி பெரும்பாலும் கைக்குழந்தையாக இருப்பார். ஆள் கூடினால் நாயாக இருப்பார். இடம் போதாத நாளில் அவரே ஃபிரிட்ஜ், வயிற்றைத் தொட்டால் வாயைத் திறக்க வேண்டும்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரை ஒன்றில், ஐந்து வயதும் ஏழு வயதுமான இரண்டு சகோதரிகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் ஒரு நாள் ‘அக்கா தங்கை விளையாடலாம்’ என்று முடிவு செய்து, அக்கா தங்கையாகவே விளையாடினார்களாம். நிஜத்தில் யோசிக்காமல் இருந்ததை ஆட்டத்தில் விதிப்படி இருந்து காட்டினார்கள் என்பது அவர் விளக்கம். எளாவூரிலும் உடன்பிறந்தவர்கள் ஆட்டத்தில் அண்ணன் தங்கையாக வருவதுண்டு. அப்போது அண்ணன் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறான். ஆட்டம் கலைந்த மறுநொடி குடுமிச் சண்டை. இதில் வைகாட்ஸ்கி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: அண்ணன் விட்டுக்கொடுப்பது பார்ப்பவர் இருக்கும்போது மட்டும்தான். அந்தச் சகோதரிகளையும் யாராவது பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்!

வெளியாளுக்கு வருவோம். எளாவூர் என்றாலே லாரிக்காரர்களுக்கு நினைவு வருவது சோதனைச் சாவடிதான். ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் இடம். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபின் நாடு முழுக்க வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை போயிற்று. போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் நிறுத்திக் கேட்பது போகவில்லை. 2020 ஊரடங்கில் இதே இடத்தில் இ-பாஸ் கேட்டார்கள். ஆகவே எளாவூர்ச் சொப்பு வீட்டுக்கு மாவட்டத்தின் வேறெந்த ஊர்ச் சொப்பு வீட்டுக்கும் இல்லாத ஓர் உறுப்பு முளைத்திருக்கிறது: வாசலுக்கு முன்னால் இரண்டு கல், குறுக்கே ஒரு குச்சி. மண்ணும் இலையும் செருப்பு லாரியில் வரும். குச்சிக்காரன் நிறுத்துவான். “பில் இருக்கா?” என்பான். இலைதான் பில். சில சமயம் இ-பாஸும் கேட்கிறான். அவன் வயதைப் பார்த்தால் ஊரடங்கின்போது தொட்டிலில் இருந்திருப்பான். அரசு ஒரு விதியைத் திரும்பப் பெற்றாலும் பிள்ளைகள் பெறுவதில்லை என்ற முடிவு இதனால் பெறப்படும்.

இரண்டாவது வெளியாள் குழுக்கடன் வசூலிப்பவர். வாரத் தவணை நாளில் பைக்கில் வந்து தெருமுனையில் நிற்பவரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆட்டத்தில் அச்சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பைக் சத்தத்தை வாயால் எழுப்பிக்கொண்டு ஒருவன் வருவான். அம்மா தாவணித் துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அம்மா இல்லன்னு சொல்லு” என்பாள். பிள்ளை வெளியே வந்து, “அம்மா இல்லன்னு அம்மா சொல்லச் சொல்லுச்சு” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். உடனே மறுபடியும் முதலிலிருந்து. சோற்றை ஒருமுறைதான் வடிப்பார்கள், இந்தக் காட்சியை எத்தனை முறையும் நடத்துவார்கள். கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்றை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தெலுங்கில் பொம்மை வீட்டுக்குப் பொம்மரில்லு என்பார்கள். அந்தப் பெயரில் 2006இல் வந்த படம்தான் 2008இல் தமிழில் ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ ஆயிற்று. வங்காளத்தார் ரான்னாபாட்டி என்கிறார்கள், இந்திக்காரர்கள் கர்-கர் என்கிறார்கள். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே சமைக்கிறார்கள், கொஞ்சுகிறார்கள். ஆனால் வாடகை கேட்கும் காட்சி வந்தால் மட்டும், “வாடகை எங்க?” என்று சுத்தத் தமிழ். வேறெந்த மொழியிலும் அவர்கள் அதைக் கேட்டதில்லையே!

பழைய இலக்கியம் கருதுகோளுக்கு ஆதரவாகவே நிற்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில். சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் எற்ற வருகிறான் பாட்டுடைத் தலைவன். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுக்க இதே விண்ணப்பம்தான், எதிராளி கண்ணன். இடிப்பதற்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கிய புலவர்கள், கட்டுவதற்கு ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பருவமும் தரவில்லை. இதைப் பெண்ணிய நோக்கில் சாடுவதற்கு இடமுண்டு, சாடவும் வேண்டும். ஆனால் நம் நோக்கு வேறு. அவன் வராவிட்டால் அந்தப் பாடல்களில் வீடே இல்லை. இடிக்க ஆள் வந்த பிறகுதான் அது மணல் மேடாக இல்லாமல் ‘எங்கள் வீடு’ ஆகிறது. ஆக்கிரமிப்பு அகற்ற வந்த அதிகாரியிடம் குடிசைவாசிகள் பேசும் குரல் அதில் கேட்கிறது.

கலித்தொகையில் கபிலர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். 51ஆம் பாட்டில் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: சின்ன வயதில் நம் மணல் வீட்டைக் காலால் கலைத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், ஒரு நாள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். கொடுக்கப் போனவளின் கையைப் பிடித்தான். அவள் அலறினாள், தாய் ஓடி வந்தாள். உடனே பெண் பேச்சை மாற்றி, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். சொப்பு வீட்டின் எல்லா உறுப்பும் இதில் இருக்கிறது: வாசல், வெளியாள், விசாரணை, நொடியில் புனைந்த ஒரு பொய். தொல்காப்பியரோ, உலகில் பொய்யும் பிழையும் தோன்றிய பின்பே திருமணச் சடங்குகளை வகுத்தார்கள் என்கிறார். விக்கல் பொய்தான் தாலிக்கு மூலம் என்று இவ்விரண்டையும் இணைத்து ஒரு முனைவர் பட்டம் வாங்கலாம். யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.

பெரியவர்களின் ஆட்டத்துக்கு இப்போது சட்டமே விதி எழுதியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணம் செய்யாவிட்டாலும் மணத்தின் தன்மை கொண்ட உறவில் இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தந்தது. அந்தத் தன்மை என்றால் என்ன என்ற கேள்வி கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2010 அக்டோபரில் வந்த தீர்ப்பில் சில நிபந்தனைகள்: இருவரும் கணவன் மனைவி போலவே ஊருக்குத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், சட்டப்படி மண வயது ஆகியிருக்க வேண்டும், மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், விரும்பியே குறிப்பிடத்தக்க காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் நிபந்தனையைப் பாருங்கள். ஊருக்குக் காட்டியிருக்க வேண்டும்! வயதை மட்டும் தள்ளுபடி செய்தால் வேப்பமரத்தடியில் நடக்கும் குடித்தனம் மற்றவற்றில் தேறிவிடும்போலிருக்கிறது. உத்தரகாண்டில் 2025 ஜனவரி முதல் இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவாளரிடம் பதிந்தாக வேண்டும். வாசலுக்கு முன்னால் இரண்டு கல், குறுக்கே ஒரு குச்சி.

கும்மிடிப்பூண்டி முதல் ஆரம்பாக்கம்வரை லைன் வீடுகளில் வாடகைக்கு இடம் தேடியவர்களுக்கு இதெல்லாம் நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “ஃபேமிலிக்கு மட்டும்” என்று கதவில் எழுதியிருக்கும். வேலைக்கு வந்த இளைஞர்கள் யாருடைய அத்தையையோ ஒரு நாளைக்குக் கூட்டிவந்து நிறுத்துவதும், காதலித்து ஊரைவிட்டு வந்த ஜோடி கடையில் வாங்கிய மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வீடு பார்க்க வருவதும் தொழிற்பேட்டை ஊர்களின் வழக்கம். அத்தை திரும்பிப் போன பிறகு ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் முறைவைத்துச் சமைக்கிறார்கள், அடுப்படியில் யார் நிற்பது என்பதில் தகராறு வரும். பிள்ளைகள் தகராறு தீராவிட்டால் கா விடுகிறார்கள். இவர்கள் வேறு அறை பார்க்கிறார்கள்.

ஒன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் தற்காலிகம் என்று சொல்லித் தந்த சிறு அறைகளில் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. ஆள் இருக்கிறார்களா என்று கணக்கெடுக்க வரும்போது இருந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை சிக்கலாகும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 7,469 புதிய வீடுகள் உள்ளிட்ட திட்டத்தை அறிவித்தது, முகாம்களின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடியுரிமை இல்லாமல் நடத்தும் குடித்தனத்தில் யார் ஆட்டம் ஆடுகிறார்கள் என்று கேட்டால், அங்கே இருப்பவர்கள் அல்லர் என்பதே இவ்வாய்வாளரின் முடிவு.

எதிர்ச்சான்று ஒன்றையும் எடுத்துப் பார்ப்போம். புது தில்லியில் வைஸ்ராய் மாளிகையை எழுப்பிய எட்வின் லட்யன்ஸ், அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் மேரி அரசிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். 1924இல் முடிந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஏறும், குட்டி நூலகத்தில் அக்கால எழுத்தாளர்கள் கைப்பட எழுதிக்கொடுத்த குட்டிப் புத்தகங்கள். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது, கண்ணாடிக்கு அப்பால். யாரும் விளையாட முடியாது. நம் நவராத்திரிக் கொலுவில் கீழ்ப்படியில் வைத்த சொப்புகளுக்கும் அதே கதிதான், தொட்டால் பாட்டி கையைத் தட்டிவிடுவாள். லட்யன்ஸ் வீட்டில் எல்லாம் இருக்கிறது, கதவைத் தட்டத்தான் ஆள் இல்லை. எளாவூரில் நாலு செங்கலும் ஒரு தாவணியும் செய்வதை அது செய்யாததற்குக் காரணம் இதுதான்.

ஆய்வில் ஒரு நடைமுறைச் சிக்கல் எஞ்சியது. வெளியாளாக இருக்க யாரும் நீண்ட நேரம் சம்மதிப்பதில்லை. குச்சிக்காரனுக்குப் பசிக்கிறது, கடன்காரன் தானும் வீட்டுக்குள் வரவேண்டும் என்கிறான். எல்லோரும் உள்ளே போய்விட்டால் உள்ளே செய்வதற்கு ஒன்றும் இல்லை. இத்தகைய ஒரு தேக்கத்தில் பாட்டி வேடத்திலிருந்த சிறுமி, குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த இவ்வாய்வாளரைப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்க சும்மாதானே உக்காந்துனு கீறீங்க? நீங்கதான் ஹவுஸ் ஓனர். வாங்க, வாடகை கேளுங்க.”

ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது என்பது முறையியல். ஆயினும் எழுந்து போய், தாவணிக்கு முன்னால் நின்று, முடிந்தவரை கடுமையாக வாடகை கேட்டேன்.

“அம்மா கம்பெனிக்குப் போயிருக்கு. அப்பா தூங்குது. அடுத்த வாரம் வாங்க.”

வாடகையோடு கரண்டு பில்லும் பாக்கி என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“கவர்மென்ட்ல நூறு யூனிட்டு சும்மா தராங்க. நீங்க யூனிட்டுக்கு எவ்ளோ போடுறீங்க? ரசீது எங்க?”

உள்ளே படுத்திருந்த அப்பா போர்வையை விலக்கிப் பார்த்தார். ஃபிரிட்ஜும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தது. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.